மொட்டை மாடி பைப்பும் பளபளக்கும்... ஒரு வாளித் தண்ணீர் போதும்!

வீடு கட்டி நாலைந்து வருடமான எந்த வீட்டின் மொட்டை மாடிக்கும் போய்ப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், மிச்சமான டைல்ஸ், காய்ந்துபோன பெயின்ட் டப்பா இவற்றோடு நாலைந்து பிவிசி பைப் துண்டுகளும் சுவரில் சாய்ந்து நிற்கும். ‘எதுக்காவது ஆகும்’ என்று எடுத்து வைத்தவை. வெயிலும் மழையும் பட்டு, வெள்ளை நிறம் மங்கி, ஒரு பக்கம் பழுப்பேறி, காக்கை எச்சமும் பாசியுமாக இருக்கும்.

ஒருநாள் அந்த ‘எதுக்காவது’ வந்தே விடுகிறது. துணி காயப்போட ஒரு ஸ்டாண்டு வேண்டும். பிள்ளையின் பள்ளிக்கூட புராஜெக்ட்டுக்கு ஒரு குழாய் வேண்டும். செருப்பு வைக்க ஒரு தட்டு வேண்டும். பைப்பைக் கீழே எடுத்து வந்தால், இதையா வீட்டுக்குள் வைப்பது என்று முகம் சுளிக்கிறார்கள். உடனே ஒருவர் தின்னர் வாங்கி வரக் கிளம்புகிறார். இன்னொருவர் உப்புத்தாளை எடுத்து ஹாலில் உட்கார்ந்தபடியே பரபரவென்று தேய்க்க ஆரம்பிக்கிறார். இரண்டுமே தவறு. முதலாவது பைப்பைக் கெடுக்கும். இரண்டாவது வீட்டில் இருப்பவர்களின் உடம்பைக் கெடுக்கும்.

பழைய பிவிசி பைப்பைக் கண்ணாடி போல ஆக்க விலை உயர்ந்த பாலிஷ் எதுவும் தேவையில்லை. ஒரு வாளித் தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, சில வாட்டர் பேப்பர்கள், ஒரு பழைய பனியன், கூடவே கொஞ்சம் பொறுமை. இவ்வளவுதான்.

ஏன் மங்குகிறது?

பிவிசிக்கும் வெயிலுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1872-ல் ஜெர்மன் வேதியியலாளர் யூஜென் பவ்மன், வினைல் குளோரைடு வாயு இருந்த கண்ணாடிக் குடுவை வெயிலில் இருந்தபோது, உள்ளே வெள்ளையாக ஒரு திடப்பொருள் உருவாகியிருந்ததைக் கவனித்தார். அதுதான் பிவிசி. அதைக் கொண்டு குழாய் செய்து வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வழக்கம் 1930-களில் அதே ஜெர்மனியில் ஆரம்பித்தது.

வெயிலில் பிறந்த அதே பொருளை வெயிலே கெடுக்கவும் செய்கிறது. சூரிய ஒளியில் இருக்கும் புற ஊதாக் கதிர்கள் பைப்பின் மேல்பரப்பைத் தாக்கி நிறத்தை மாற்றுகின்றன. விரலால் தடவினால் மாவு போல ஒட்டுகிறதே, அதுவும் இதனால்தான். ஆனால், இந்தப் பாதிப்பு மேல்தோலோடு நின்றுவிடுகிறது. பழுப்பேறிய பைப்பை ஹேக்சா பிளேடால் அறுத்து, அறுத்த வாயைப் பாருங்கள். உள்ளே பழைய நிறம் அப்படியே இருக்கும். அதனால்தான் மேலே மெல்லிய ஓர் அடுக்கைத் தேய்த்து எடுத்தாலே புதுசு போல ஆகிவிடுகிறது.

ஒரு விஷயம் மட்டும் தேய்த்தாலும் திரும்பி வராது. பல வருடம் வெயிலில் கிடந்த பைப், அடி தாங்கும் தன்மையை ஓரளவு இழந்திருக்கும். அதைத் துணி ஸ்டாண்டாகவோ பூத்தொட்டிச் சட்டமாகவோ பயன்படுத்தலாம். பிள்ளைகள் ஏறி உட்காரும், தொங்கும் பொருள் எதற்கும் பயன்படுத்தக் கூடாது.

அழிக்கும் முன் படியுங்கள்

பைப்பின் மேல் கறுப்பு, நீலம் அல்லது சிவப்பு மையில் நீளமாக எழுத்துகள் அச்சாகியிருக்கும். பளபளப்பாக்க நினைப்பவர்களுக்கு அதுதான் முதல் தொந்தரவு. அழிப்பதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள். அதுதான் பைப்பின் ஜாதகம்.

ஐ.எஸ். 4985 என்றிருந்தால் அது குடிநீருக்கான சாதாரண பிவிசி பைப். ஐ.எஸ். 13592 என்றிருந்தால் கழிவுநீர், மழைநீர் வடிவதற்கானது. ஐ.எஸ். 15778 என்றிருந்தால் சிபிவிசி, சுடுதண்ணீரும் போகக்கூடியது. சிபிவிசி பெரும்பாலும் வெளிர் மஞ்சளாக இருக்கும்.

கழிவுநீர் போன பைப் என்று தெரிந்தால், எவ்வளவு பளபளப்பாக்கினாலும் அதைச் சமையலறைக்கோ பிள்ளைகள் விளையாடவோ கொண்டுவர வேண்டாம். தோட்டத்தோடு நிற்கட்டும்.

படித்தாகிவிட்டதா? மையை அழிக்க, நகப்பூச்சு நீக்கும் திரவம் போதும். அதில் அசிட்டோன் உள்ளதா என்று பாட்டிலில் பார்த்து வாங்குங்கள். பஞ்சில் கொஞ்சமாக நனைத்து, ஒரே இடத்தில் அழுத்திப் பிடிக்காமல், சட்டென்று துடைத்து எடுத்துவிட வேண்டும். அசிட்டோன் பிவிசியை இளக்கிவிடும் என்பதால், ஊறவிட்டால் அந்த இடம் பிசுபிசுத்து மங்கிப்போகும். இதை ஜன்னல் திறந்த இடத்திலோ மாடியிலோ செய்யுங்கள். கேஸ் அடுப்பு, பூஜை விளக்கு, ஊதுவத்தி இருக்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம். அசிட்டோனின் ஆவி மிக எளிதில் தீப்பிடிக்கும். பஞ்சு கைவசம் இல்லையென்றாலும் கவலை இல்லை. பிறகு தேய்க்கும்போது மை தானாகப் போய்விடும். கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான்.

முதல் வேலை குளியல்

தேய்ப்பதற்கு முன் நன்றாகக் கழுவ வேண்டும். மண் துகள் ஒட்டியிருக்கும்போதே தேய்த்தால், அந்த மண்ணே புதிய கீறல்களைப் போட்டுவிடும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து, ஸ்பாஞ்சாலோ தேங்காய் நாராலோ தேய்த்துக் கழுவுங்கள். ஸ்டீல் நாரைத் தொடாதீர்கள். ஆழமான கோடு விழுந்துவிடும். கொதிக்கும் தண்ணீரும் கூடாது. சாதாரண பிவிசி சுமார் 80 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். கொதிநீரை ஊற்றினால் நேரான பைப் வளைந்து போகும்.

உள்பக்கத்துக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. பைப்பைவிட நீளமான ஒரு நைலான் கயிற்றின் நடுவில், சோப்பு நீரில் நனைத்த துணியை இறுக்கமாகக் கட்டுங்கள். கயிற்றின் ஒரு முனையை பைப்புக்குள் விட்டு மறுபக்கம் வாங்கி, இருவர் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் இழுத்தால், உள்ளே இருக்கும் பாசியும் சிலந்தி வலையும் வந்துவிடும். பிள்ளைகள் சந்தோஷமாகச் செய்யும் வேலை இது.

உப்புத் தண்ணீர் ஓடி வெள்ளையாகப் படிந்த கறை இருந்தால், வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றி வைத்துக் கழுவுங்கள். பாசிக் கறைக்கு பிளீச்சிங் பவுடர் கரைசல். ஆனால், இரண்டையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. பிளீச்சிங் பவுடரோடு வினிகர், எலுமிச்சை, டாய்லெட் கழுவும் ஆசிட் என எந்தப் புளிப்பு சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும். குளியலறை மாதிரியான சின்ன இடத்தில் அது மூச்சை அடைத்துவிடும். ஒன்றைப் பயன்படுத்தி நிறையத் தண்ணீர் விட்டு அலசி, மறுநாள் மற்றதைப் பயன்படுத்துங்கள்.

காய்ந்த தூசி வேண்டாம்

இந்த வேலையில் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். பிவிசி பைப்பை ஒருபோதும் உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள்.

பிவிசி தயாரிக்கும்போது சூட்டில் அது சிதையாமல் இருக்க, நிலைப்படுத்தி என்று ஒரு பொருளைச் சேர்ப்பார்கள். நம் நாட்டில் நீண்ட காலமாக அதற்கு ஈயச் சேர்மங்கள் பயன்பட்டன. இதைப் படிப்படியாக நிறுத்துவதற்கான விதிகளை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2021-ல்தான் அறிவித்தது. ஆக, மாடியில் கிடக்கும் பத்து வருடப் பழைய பைப்பில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. பார்த்தோ தொட்டோ கண்டுபிடிக்க முடியாது.

பைப் முழுதாக இருக்கும்வரை அந்த ஈயம் பெரும்பாலும் பிளாஸ்டிக்குக்குள் பிணைந்து கிடக்கிறது. உப்புத்தாளால் உலர்வாகத் தேய்க்கும்போது மெல்லிய தூசியாகப் பறந்து, ஹால் தரையில் படிகிறது. அந்தத் தரையில்தான் குழந்தை தவழ்கிறது. கையை வாயில் வைக்கிறது. ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று தெரிந்த ஒன்றே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூளை வளர்ச்சி நடக்கும் சின்னக் குழந்தைகளுக்குத்தான் அதனால் பாதிப்பு அதிகம். ஈயமே இல்லாத பைப் என்றாலும், பிளாஸ்டிக் தூசியை மூச்சில் இழுப்பது யாருக்கும் நல்லதல்ல.

இதற்குத் தீர்வு ரொம்ப எளிது. தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது. பால் போலக் கரைந்து வாளிக்குள் விழும். வேலையும் நன்றாக வரும். உலர்வாகத் தேய்த்தால் உராய்வுச் சூட்டில் பிவிசி இளகி, தாளின் துகள்களுக்கு இடையில் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் அந்தத் துகளைக் கழுவிக்கொண்டே இருப்பதால் தாளும் அதிக நேரம் உழைக்கும்.

ஹேக்சாவால் அறுக்கும்போதும் பிளேடையும் பைப்பையும் நனைத்துக்கொள்ளுங்கள். மாடியிலோ வாசலிலோ வைத்து அறுங்கள். முகக்கவசம் போட்டுக்கொள்வது நல்லது.

தேய்க்கும் முறை

பெயின்ட் கடையில் ‘வாட்டர் பேப்பர்’ என்று கேளுங்கள். சாதாரண உப்புத்தாள் தண்ணீரில் ஊறிக் கிழிந்துவிடும். வாட்டர் பேப்பர் தாங்கும். பின்பக்கம் இருக்கும் எண் கூடக் கூட, தாள் வழவழப்பாகும். 220, 400, 800, 1500, 2000 என்று ஐந்து எண்களில் ஒவ்வொரு தாள் இருந்தால் ஒரு ஸ்டாண்டுக்குத் தேவையான பைப்பைத் தேய்த்துவிடலாம்.

முதலில் பைப்பைத் தேவையான நீளத்துக்கு அறுத்துக்கொள்ளுங்கள். எல்போ, டீ போன்ற இணைப்புகளுக்குள் நுழையும் முனைகளில் ஒரு இஞ்ச் அளவுக்கு டேப் சுற்றிவிடுங்கள். அந்த இடத்தைத் தேய்த்தால் பைப் மெலிந்து, இணைப்பில் தொளதொளவென்று நிற்கும்.

பிறகு, பென்சிலால் பைப் முழுக்கக் கிறுக்கல் கோடுகள் போடுங்கள். 220-ஆம் எண் தாளை நனைத்து, உள்ளங்கையால் பைப்பைச் சுற்றிப் பிடித்து, வளையல் சுற்றுவது போலக் குறுக்காகத் தேய்க்க வேண்டும். பென்சில் கோடு மறைந்த இடம் தேய்ந்துவிட்டது. மறையாத இடம் பாக்கி. எங்கே விட்டுப்போனது என்று அதுவே சொல்லிவிடும். பழுப்பு நிறமும் ஆழமான கீறலும் இந்தக் கட்டத்திலேயே போய்விட வேண்டும். இங்கே அவசரப்பட்டால், கடைசியில் பளபளப்பு வந்த பிறகு அந்தக் கீறல் கண்ணை உறுத்தும். லேசாக மங்கிய பைப் என்றால் 400-லேயே ஆரம்பிக்கலாம்.

அடுத்து 400. இப்போது நீளவாக்கில் தேய்க்க வேண்டும். முதல் தாள் போட்ட குறுக்குக் கோடுகள் முழுக்க மறையும்வரை விடாதீர்கள். 800-ல் மறுபடி குறுக்காக, 1500-ல் நீளவாக்கில், 2000-ல் குறுக்காக. இப்படித் திசை மாற்றிக்கொண்டே போனால், முந்தைய தாளின் கோடு மிச்சமிருக்கிறதா என்பது சட்டென்று தெரியும். ஒவ்வொரு தாளுக்கும் நடுவில் பைப்பையும் கையையும் கழுவி, வாளித் தண்ணீரை மாற்றிவிடுங்கள். பழைய தாளின் ஒரே ஒரு துகள் ஒட்டிக்கொண்டாலும் புதிய கோடு விழும்.

மூன்றடித் துண்டு ஒன்றுக்கு அரை மணி நேரமாவது பிடிக்கும். ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்பதில்லை. பாட்டு கேட்டுக்கொண்டே இரண்டு மூன்று சாயங்காலங்களில் முடிக்கலாம்.

எல்போ, டீ ஆகியவற்றின் வளைவுகளில் கை போகாது. வாட்டர் பேப்பரை இரண்டு விரல் அகலத்துக்கு நாடாவாகக் கிழித்து, வளைவில் போட்டு இரண்டு முனையையும் பிடித்து மாற்றி மாற்றி இழுத்தால் போதும்.

பனியனும் பேஸ்ட்டும்

2000-ஆம் எண் முடிந்ததும் பைப் பட்டு போல வழவழவென்று இருக்கும். ஆனால், மினுமினுப்பு இன்னும் வந்திருக்காது. அதைக் கொண்டுவருவது பழைய பனியன்தான்.

பைக் மெக்கானிக் கடைகளில் வண்டிக்குப் போடும் ரப்பிங் காம்பவுண்ட் கிடைக்கும். அதில் பட்டாணி அளவு எடுத்து ஈரப் பனியன் துணியில் தடவித் தேய்க்கலாம். அதுவும் இல்லையென்றால், வெள்ளை நிறப் பல் பேஸ்ட்டே போதும். பல்லின் கறையை எடுக்க அதில் சேர்த்திருக்கும் நுண்ணிய தூள், பைப்பிலும் அதே வேலையைச் செய்யும். ஜெல் வகை பேஸ்ட் அவ்வளவாகப் பலன் தராது.

பிறகு பனியனை நீளமாகக் கிழித்து, ஷூ பாலிஷ் போடுபவர் துணியை இழுப்பாரே, அதுபோல பைப்பின் மேல் போட்டு இரண்டு பக்கமும் இழுத்துத் தேய்த்தால், டியூப் லைட் வெளிச்சம் கோடாகத் தெரியும் அளவுக்கு மெருகு ஏறும். கையால் தேய்த்தாலே போதும். டிரில் மெஷினில் பாலிஷ் சக்கரம் மாட்டி வேகமாக ஓட்டினால், சூட்டில் மேல்பரப்பு இளகி இழுபட்டுவிடும்.

முடிந்ததும் சோப்பு நீரில் கழுவித் துடைத்துவிட்டு, முனைகளில் சுற்றிய டேப்பைப் பிரியுங்கள். ஒட்ட வேண்டிய முனைகளில் மெழுகோ காம்பவுண்டோ பட்டிருந்தால் பைப் ஒட்டும் சொல்யூஷன் பிடிக்காது. அந்த இடத்தை மட்டும் நன்றாகத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

பளபளப்பான பிவிசியை உலர்ந்த துணியால் துடைத்தால் மின்னூட்டம் ஏறித் தூசியை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். ஈரத்துணியால் துடைப்பதே சரி. ஸ்டாண்டை மறுபடியும் வெயிலில்தான் வைக்கப் போகிறீர்கள் என்றால், மெருகேற்ற மெனக்கெட வேண்டாம். 400-ஆம் எண் தாளோடு நிறுத்திவிட்டு, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட்டை வெளிர் நிறத்தில் அடித்துவிடுங்கள். வெயிலிலிருந்து அது பைப்பைக் காக்கும்.

தண்ணீர் ஓடும் பைப்புக்கு வேறு விதி

இவ்வளவும் துண்டு பைப்புகளுக்கு மட்டும்தான். மோட்டார், தொட்டி, குளியலறை என்று தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் பைப்பைத் தேய்க்கக் கூடாது. அதன் சுவர் எவ்வளவு தடிமன் என்பதைப் பொறுத்துத்தான் அது தாங்கும் அழுத்தமும் இருக்கும். தேய்த்து மெலிய வைத்தால் அந்த வலிமை குறையும். அவற்றுக்குச் சோப்பு நீரும் ஈரத்துணியும் மட்டும் போதும்.

இன்னொரு பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். மினுமினுக்கட்டும் என்று குளியலறை பைப்பில் தேங்காய் எண்ணெய் தடவித் துடைப்பவர்கள் இருக்கிறார்கள். கீஸரிலிருந்து வரும் வெளிர் மஞ்சள் சிபிவிசி பைப்புக்குத் தாவர எண்ணெய்கள் ஆகாது. ஏற்கெனவே அழுத்தத்தில் இருக்கும் இடத்தில் எண்ணெய் படப்பட, நாளடைவில் நூல் போல விரிசல் விடலாம். சுவருக்குள் போகும் சுடுதண்ணீர் பைப்பில் விரிசல் விட்டால், டைல்ஸை உடைத்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

இவை மட்டும் கூடாது!

* தின்னர், பெட்ரோல்: தின்னரில் உள்ள டொலுவீன் போன்ற கரைப்பான்கள் பிவிசியை இளக்கி, மேல்பரப்பைக் கெடுத்துவிடும். பெட்ரோலில் தீ அபாயமும் சேர்ந்துகொள்ளும்.

* நெருப்பு: அக்ரிலிக் கண்ணாடியின் ஓரத்தைத் தீ காட்டி மெருகேற்றுவது உண்டு. அதைப் பார்த்து பிவிசியை கேஸ் அடுப்பில் காட்டாதீர்கள். பிவிசியின் எடையில் பாதிக்கு மேல் குளோரின்தான். தீ பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளியாகி, கண்ணையும் தொண்டையையும் எரிக்கும்.

* கிரைண்டர் சக்கரம்: தூசியும் சூடும் ஒன்றாகச் சேரும். வீட்டு வேலைக்கு அது தேவையே இல்லை.

* பழைய பைப்பில் குடிநீர்: எவ்வளவு பளபளத்தாலும் பழைய துண்டுகளைக் குடிநீருக்குத் திரும்ப இணைக்க வேண்டாம்.

வாளியில் மிஞ்சியது என்ன ஆகும்?

வேலை முடிந்ததும் வாளியில் பால் போன்ற தண்ணீர் நிற்கும். அதைச் செடிக்கோ சிங்க்கிலோ ஊற்றிவிடாதீர்கள். பிவிசி தண்ணீரைவிடச் சுமார் 1.4 மடங்கு கனமானது. அதனால், இரவு முழுக்க அசையாமல் வைத்தால் பெரும்பாலான துகள்கள் அடியில் வண்டலாகப் படிந்துவிடும். மேலே தெளிந்த நீரைப் பழைய பருத்தித் துணியை நாலாக மடித்து வடிகட்டிக் கழிவுநீர்க் குழியில் ஊற்றுங்கள். வண்டலைத் துணியோடு சேர்த்துக் காயவைத்து, கவரில் கட்டி, குப்பை வண்டி வரும்போது தனியாகக் கொடுத்துவிடுங்கள். தேய்க்கும்போது போட்டிருந்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். சாப்பிட உட்காரும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

அறுத்து மிஞ்சிய துண்டுகளைப் பழைய இரும்புக் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். அங்கிருந்து அவை மறுசுழற்சிக்குப் போகும். ‘ரெண்டு துண்டுதானே’ என்று குப்பையோடு சேர்த்துக் கொளுத்துவதும், போகி அன்று தீயில் போடுவதும் வேண்டாம். பிளாஸ்டிக், டயர் ஆகியவற்றைப் போகியில் எரிக்காதீர்கள் என்று தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் வருடா வருடம் கேட்டுக்கொள்கிறது. எரியும் பிவிசியிலிருந்து வெளியாகக்கூடிய டையாக்சின் என்னும் நச்சு, மண்ணிலும் உணவிலும் சேர்ந்து நெடுங்காலம் தங்கக்கூடியது.

தொட்டிக்குப் பின்னால் இன்னும் பைப் சாய்ந்து நிற்கிறதா? இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு துண்டை மட்டும் கீழே இறக்குங்கள். வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வாசல் படியில் உட்காருங்கள். முதல் துண்டு பளபளத்துவிட்டால், மிச்சத்தை எடுத்து வரப் பிள்ளைகளே மாடிப்படி ஏறிவிடுவார்கள்.